முடிந்தது என்று யார் சொன்னது?

சிதம்பரம்
20.7.2025

அன்புள்ள பிரிசிக்கு,

வாணி எழுதுகிறேன். அம்மாவின் முட்டிவலியைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை. உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நீ அலுவலகத்துக்குப் போன அன்று ஒரு சட்டம் போட்டாயே, ஃபோனில் பேசினால் அதிகாரி, காகிதத்தில் எழுதினால் தோழி என்று? அதனால்தான் இந்த வெள்ளைத்தாள். அதிகாரியிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலைப் பார்த்திருப்பாய். பார்ப்பதென்ன, அனுப்பியதே நீதான். எல்லாத் தொடக்கப்பள்ளியும் பச்சை, எங்கள் ஓடையூர் மட்டும் சிவப்பு. பக்கத்தில் தலைமையாசிரியர் இசைவாணி என்று என் பெயரைப் போட்டு, கீழே ஒரு கும்பிடுகிற கையும் போட்டிருக்கிறாய். ரொம்ப மரியாதை.

வாரக் கடைசியில் ஒவ்வொரு பாடத்துக்கு நேராகவும் 'முடிந்தது' என்று தலைமையாசிரியர் செயலியில் அழுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு நான் அழுத்தவில்லை. மறந்துபோய் இல்லை, வேண்டுமென்றுதான். ஏன் என்று கேள்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு என்று பலகையில் போட்டேன். பாதி வகுப்பு முப்பத்தைந்து என்று கொண்டுவந்தது. இது எல்லா ஊரிலும் வருகிற தப்புதானே, மேலே இருக்கும் இரண்டை ஏழிலிருந்து தலைகீழாகக் கழித்திருக்கும் என்று நினைத்தேன். அதையே திட்டி, அதையே திருத்தி ஒரு வாரத்தை ஓட்டினேன். மறுபடியும் முப்பத்தைந்து. கடைசியில் ஜான்சி என்கிற பெண்ணைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு என்றேன். பக்கத்து வீட்டில் ஒரு பத்து கடன் வாங்கினாள். பன்னிரண்டில் ஏழு போய் ஐந்து. நாலில் இரண்டு போய் இரண்டு. இருபத்தைந்து. நான் கைதட்டக் கையைத் தூக்கிய நேரத்தில், வாங்கிய பத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து முப்பத்தைந்து ஆக்கிவிட்டாள். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும் இல்ல டீச்சர்? குடுக்கலன்னா குழுக்காரவுங்க வந்து வாசல்ல உக்காந்துக்குவாங்க."

வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. பிரிசி, எனக்குச் சிரிப்பும் வந்தது, என்மேலேயே ஆத்திரமும் வந்தது. கடன் வாங்கிக் கழித்தல் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நாமும் சொல்லிக் கொடுத்தோம். புத்தகத்தில் இப்போது வேறு சொல் இருக்கிறது, ஆனால் வாயில் வருவது பழையதுதான். வாங்கியதை எப்போது கொடுப்பது என்று கேட்க நமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்தச் சொல்லை எங்கள் பள்ளியில் நிறுத்திவிட்டேன். செம்பியனிடமும் சொல்லியாகிவிட்டது. ஒன்று, இரண்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் அவர். எங்கள் பள்ளிக்கு நாங்கள் இரண்டே பேர். இப்போது தென்னை ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டைப் பிரித்துக் கழிக்கிறோம். நாலாம் ஐந்தாம் வகுப்பிலும் இதே கதை. அதனால் காலை நேரம் முழுக்க மூன்று வகுப்புக்கும் கழித்தலும் வாசிப்பும் என்று கால அட்டவணையை மாற்றிவிட்டேன். இந்த வாரம் தொடங்க வேண்டிய அளவைகள் பாடம் மூன்றாம் பருவத்துக்குப் போகும். தலைமையாசிரியராக நான் எடுத்த முடிவு. சிவப்பு அப்படியே இருக்கட்டும்.

இளவரசு அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன்
வாணி


திருப்பாதிரிப்புலியூர்
27.7.2025

என் அருமை வாணி,

கடிதம் கிடைத்தது. ஜான்சி கதையை என் வீட்டுக்காரரிடம், உன் இளவரசு அண்ணனிடம், படித்துக் காட்டினேன். வங்கியில் வேலை பார்க்கிற மனிதர் இல்லையா, அந்தப் பெண்ணுக்கு எங்கள் கிளையில் வேலை போட்டுக் கொடுக்கலாம் என்று சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை ஆய்வுக் கூட்டம். திரையில் பட்டியலைப் போட்டார்கள். பெரிய அதிகாரி அந்த ஒரு சிவப்பின்மேல் விரலை வைத்து, இதற்கு ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டார். கூட்டம் முடியும்வரை நின்றேன். காலையில் இட்லிகூடச் சாப்பிடவில்லை.

நீ செய்வது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஈர்க்கைக் கட்டு, பிரி, ஆறு மாதம் கழித்துக்கொண்டே இரு. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் செயலியில் அழுத்திவிட்டுச் செய். மற்ற எல்லாப் பள்ளியிலும் பாடம் முடிந்துவிட்டது என்றா நினைக்கிறாய்? சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களும் நல்ல ஆசிரியர்கள்தான். ஒரு விரல் வேலை, வாணி. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வட்டாரக் கல்வி அலுவலர் பதவிக்கான பட்டியலில் இந்த வருஷம் என் பெயர் இருக்கிறது. இத்தனை நாள் காத்திருந்து வந்தது. உன் சிவப்பு என் முகத்திலும் தெரிகிறது. உனக்கு மெமோ தயாராகிக்கொண்டிருக்கிறது. நான் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன், என் கை எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன தைலத்தைத் தேய்த்தாயா? தேய்க்க மாட்டாய். யார் சொல்லி நீ கேட்டிருக்கிறாய்?

அன்புடன்
பிரிசில்லா


சிதம்பரம்
10.8.2025

அன்புள்ள பிரிசி,

தைலம் தேய்த்தேன். அம்மா உனக்கு ஆசி சொன்னாள். ஆக, சொன்னால் கேட்கிறவள்தான் நான், கேட்கிற மாதிரி இருந்தால்.

உன்னை நிற்க வைத்தார்கள் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன், மனசார. ஆனால் அழுத்த மாட்டேன்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டாய். 'முடிந்தது' என்பது பாடத்தைப் பற்றிய சொல் என்று நீங்கள் அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே அது ஜான்சியைப் பற்றிய சொல். இவளுக்குக் கழிக்கத் தெரியும் என்று நான் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அதை நம்பி அடுத்த வகுப்பு அவளுக்கு வகுத்தலை எடுத்து நீட்டும். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போனால், தொடக்கப்பள்ளியில் எல்லாம் முடித்துத்தானே வந்தாய், இதுகூடத் தெரியாதா என்று அங்கே கேட்பார்கள். அப்போது தலை குனிவது அவள். நானும் இல்லை, உன் பெரிய அதிகாரியும் இல்லை.

முட்டை எண்ணுகிறேன். கழிவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறேன். சீருடைக்கு அளவெடுக்கிறேன், தண்ணீர்த்தொட்டிக்கு ஆள் பிடிக்கிறேன். எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, எங்கே நின்றுகொள்வது, இந்தப் பிள்ளைகள் நகரலாமா கூடாதா, இதைச் சொல்ல ஒரு தலைமையாசிரியருக்கு உரிமை இல்லை என்றால் அந்தப் பெயர்ப்பலகையை என் அறை வாசலிலிருந்து கழற்றிவிடலாம். சாவி வைத்திருக்க ஒரு ஆணி போதும்.

ஊரில் எனக்குக் கும்பிடு போடுகிறார்கள் என்று நினைக்காதே. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சின்னம்மாள் போன வாரம் வந்து நின்றாள். அவள் மகனும் மூன்றாம் வகுப்புத்தான். பக்கத்து ஊரில் அளவைப் பாடமே ஓடி முடிந்துவிட்டதாம், நம் பிள்ளைகள் மட்டும் துடைப்பக் குச்சியை எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம். உன் மகனைக் கூப்பிட்டு நீயே ஒரு கணக்குக் கொடு என்றேன். கொடுத்தாள். அவன் போட்டது தப்பு. ஆனால் எங்கே தப்பு என்று அவனே கண்டுபிடித்துத் திருத்தினான். பிறகு, "எவ்வளோ நாள் ஆவும்னு சொல்லுங்க, அதுவரைக்கும் நான் ஊர்ல பேசிக்கிறேன்" என்றாள். இன்னும் இரண்டு மாதம் கேட்டிருக்கிறேன்.

மெமோவைப் பிடித்து வைக்காதே. விட்டுவிடு, வரட்டும். பதில் என்னிடம் இருக்கிறது.

உன்
வாணி


திருப்பாதிரிப்புலியூர்
31.8.2025

என் பிடிவாதக்காரிக்கு,

நல்ல சேதி. உட்கார்ந்துகொண்டு படி.

முந்தாநாள் திருவந்திபுரத்தில் எங்கள் கண்காணிப்பாளர் மகள் கல்யாணம். ஆவணி முகூர்த்தம், கேட்க வேண்டுமா? மாலையும் கழுத்துமாகக் கோயில் மலை முழுக்க ஜோடிகள். எந்தப் பெண் நம் பெண் என்று தெரியாமல் நான் யாருக்கோ மொய் கொடுக்கப் பார்த்தேன். அந்தக் கூட்டத்திலும் பெரிய அதிகாரி என்னைத் தேடி வந்து பேசினார். எதைப் பற்றி என்கிறாய்? ஓடையூர்ப் பள்ளியைப் பற்றி.

உன் மெமோ ரத்து. பட்டியலில் நீ பச்சை. நான்தான் முடித்து வைத்தேன். எங்கள் பிரிவின் கணக்கிலிருந்து எந்தப் பள்ளிக்கும் பதிவு போடலாம். இணையம் இல்லாத ஊருக்காக அப்படி ஒரு வசதி இருக்கிறது. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, உன் மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு விட்டுப்போனதை எல்லாம் 'முடிந்தது' என்று போட்டுவிட்டேன். நீ அழுத்தவில்லை. உன் விரதம் கெடவில்லை. பழி வந்தால் எனக்கு.

கேள், இன்னும் வேடிக்கை இருக்கிறது. ஒரே மாதத்தில் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த பள்ளி என்று உன் பள்ளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரப்போகிறார்கள். செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை, கடலூரில் விழா. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா. அந்த மாம்பழக் கலர் இருக்கிறதே, அது. சாப்பாடு நம் வீட்டில். நன்றி எல்லாம் எழுதிக்கொண்டிருக்காதே, எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அன்பு முத்தங்களுடன்
பிரிசி


சிதம்பரம்
3.9.2025

பிரிசில்லா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் பிரித்தேன். படித்து முடித்தபோது எதிரில் ஜான்சி ஈர்க்குக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கழித்தல் முடிந்துவிட்டது என்று நீ கடலூரில் சோறு தின்றுகொண்டே முடிவு செய்திருக்கிறாய். அவள் முகம் எப்படி இருக்கும் என்றாவது உனக்குத் தெரியுமா?

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. மெமோ கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சம்பள உயர்வை நிறுத்தியிருந்தால் சரி என்றிருப்பேன். அதெல்லாம் நான் சொன்னதற்கு எனக்குக் கிடைப்பது. நீ செய்தது வேறு. நான் சொல்லாததை என் பெயரில் சொல்லியிருக்கிறாய். ஒரு மாதமாக நான் இல்லை இல்லை என்று கத்தியதை ஒரு சாப்பாட்டு நேரத்தில் ஆமாம் ஆக்கிவிட்டாய். அதுவும் அன்பினால் என்கிறாய். அன்பு என்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இனிமேல் எந்தத் தலைமையாசிரியராவது, என் பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை, நேரம் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? ஓடையூரைப் பார், ஒரு மெமோ என்று மிரட்டினோம், ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்கள் என்பார்கள். அவர்கள் வாயை அடைக்க என் பெயர். இதற்குச் சான்றிதழ் வேறு.

பன்னிரண்டாம் தேதிக்குள் அந்தப் பதிவுகளை நீக்கிவிடு. நீக்கவில்லை என்றால் விழாவுக்கு வருவேன். வந்தால் வாயை மூடிக்கொண்டு வர மாட்டேன்.

வாணி


திருப்பாதிரிப்புலியூர்
7.9.2025

வாணி,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். அவருக்குக் காட்டவில்லை.

நீக்க முடியாது. போட்டதை எடுக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நான் அறியாமல் போட்டேன் என்று எழுத முடியாது. அறிந்தே போட்டேன் என்று எழுதினால் என் பதவி உயர்வு அன்றோடு போய்விடும். மெமோ எனக்கு வரும்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா இரு என்றுதான் கேட்கிறேன். உடம்பு சரியில்லை என்று விழாவுக்கு வராமல் இருந்துவிடு. சான்றிதழைத் தபாலில் அனுப்பச் சொல்கிறேன், அடுப்பில் போட்டுக்கொள். பயிற்சிப் பள்ளி விடுதியில் எனக்கு அம்மை போட்டபோது, எல்லோரும் ஓடிப்போன அறையில் நீ மட்டும் என்கூட இருந்தாய். அந்த வாணியிடம் கேட்கிறேன்.

பிரிசில்லா


சிதம்பரம்
14.9.2025

பிரிசில்லாவுக்கு,

நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நான் மேடை ஏறியதுமே நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதால், நான் பேசியது உன் காதில் சரியாக விழுந்திருக்குமா என்று சந்தேகம்.

வராமல் இருந்துவிடலாம் என்று நானும் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் செம்பியன் வந்து, எல்லாப் பள்ளியும் பார்க்கிற குழுவில் நம் பெயரைப் போட்டு வாழ்த்துச் சொல்கிறார்கள் டீச்சர், நான் பதிலுக்கு என்ன போடுவது என்று கேட்டார். பாவம், மெமோ வரும் என்று பயந்து பயந்துதான் என்னோடு இத்தனை நாள் நின்றவர். பதிலை நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். காலையில் முதல் பஸ் பிடித்தேன்.

சான்றிதழை வாங்கவில்லை. மைக்கை வாங்கினேன். "எங்க பள்ளியில கழித்தல் பாடம் இன்னும் முடியலைங்க. முடிஞ்சதுன்னு நான் பதிவு போடல. பிள்ளைங்களுக்கு வந்த அன்னைக்கு நானே போடுவேன், அதுவரைக்கும் எங்கள சிவப்புலயே வெச்சிருங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர்களில் யாரோ ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

யார் போட்டது என்று கீழே இறங்கியதும் கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். விசாரணை வைக்கிறார்களாம். அங்கே கேட்டாலும் இதே பதில்தான். நானே போட்டுவிட்டு இப்போது மறுக்கிறேன் என்று எழுதினால் எழுதிக்கொள்ளட்டும். உன்னைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியாது. அந்தப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. நடுவில் நான் நின்றுகொள்கிறேன். அம்மை போட்ட அறையில் இருந்த அதே வாணிதான் இவளும். நீதான் வேறு ஒருத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறாய்.

நான் இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். உன் வீட்டில் சாப்பிடாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை. பஸ்ஸில் அழுதேன்.

இசைவாணி


பெண்ணாடம்
2.11.2025

வாணிக்கு,

விசாரணை முடிந்த வாரம் நீ போட்ட கடிதம் வந்தது. பதில் போடவில்லை. நன்றி என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதைத் திரும்ப எடுத்துக்கொள். உனக்காக நான் எதுவும் செய்யவில்லை.

விசாரணை அறையில் நடப்பதை எழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள், பார்த்தாய். யார் போட்டது என்று உன்னிடம் பெரிய அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். நீ மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்போது அவர் என் பக்கம் திரும்பி, எழுதுங்கம்மா, தலைமையாசிரியரே பொய்யான பதிவு செய்துவிட்டு ஒத்துழைக்க மறுக்கிறார் என்றார். 'தலைமையாசிரியரே' என்பதுவரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லை எழுத வேண்டியது நான். அந்தச் சொல் பொய் என்று அந்த அறையில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீயானால் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் நான் கோபத்தில் எழுதி முடித்திருப்பேனோ என்னவோ. பேனாவை மூடினேன். "அது நான் போட்டது சார். அவுங்க போடல, போடச் சொல்லவும் இல்ல" என்று சொன்னது என் வாய்தான் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மற்றதெல்லாம் உனக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். பதவிப் பட்டியலில் என் பெயர் இல்லை. அலுவலகத்து மாற்றுப்பணியை ரத்து செய்து, இங்கே ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக அனுப்பிவிட்டார்கள். ஓடையூரைப் பழையபடி சிவப்பாக்கிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் கடலூரிலேயே இருக்கிறார், நான் சனிக்கிழமைதோறும் போய் வருகிறேன். ரயிலில் ஏறினால் முதலில் உன்மேல்தான் கோபம் வருகிறது. மேடையில் ஏறிச் சொல்லாமல், வீட்டுக்கு வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம் நீ. இந்தக் கோபம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அது தீருகிற மாதிரி இல்லை, இங்கே பிள்ளைகளுக்கோ நாள் போகிறது.

நான் வகுப்பில் நின்று ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, வாணி. முதல் நாள் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூச்சமாக இருந்தது. இங்கே பாதிப் பேர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் பருவத் தமிழில் நான்கு பாடம் முடிந்ததாகச் செயலி சொல்கிறது. அழுத்தியவர் எனக்கு முன்னால் இருந்தவர், நல்ல மனிதர், எனக்குத் தெரிந்தவர்தான். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு முதல் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். பாட்டு மாதிரி சொன்னார்கள். நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்றால் மறுபடி முதலிலிருந்து பாடிக்கொண்டு வருகிறார்கள், அந்தச் சொல்லைப் பிடிக்க. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது இவர்களைத்தான் நான் பச்சை என்று பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். நான் அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தமிழ் வாசிப்பை மூன்று வகுப்புக்கும் சேர்த்துக் காலையில் வைக்கலாம் என்று கால அட்டவணையை மாற்றியிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை. மூன்றையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். அதை நீ எப்படிச் சமாளித்தாய்? எழுது. தோழியாக எழுத மனம் வரவில்லை என்றால் ஒரு தலைமையாசிரியர் இன்னொரு தலைமையாசிரியருக்கு எழுதுகிற மாதிரி எழுது.

நேற்று வாரக் கடைசி. அந்த நான்கு பாடத்தின் பதிவையும் நீக்கச் சொல்லி மேலிடத்துக்கு என் கையெழுத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்தாவது பாடம் முடிந்ததா என்று செயலி கேட்டது. இல்லை என்று போட்டேன். விளக்கம் கேட்டு நாளை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறாராம். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்த புதுப் பெண்தான், ஃபோனில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள்.

வரட்டும். அவளை வகுப்பில் உட்கார வைத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லப் போகிறேன்.

பிரிசில்லா
தலைமையாசிரியர்